வலது காதில் மட்டும் நிற்காத இயர்போன்

வந்த கேள்வி இதுதான்: "தினமும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். இதுவரை மூன்று இயர்போன் வாங்கிவிட்டேன். இரண்டு வயர் வைத்தது, ஒன்று ப்ளூடூத். மூன்றுமே வலது காதில் நிற்பதில்லை. சென்ட்ரல் வருவதற்குள் நாலைந்து முறை செருக வேண்டியிருக்கிறது. கடையில் கேட்டால் 'உங்க காது அப்படி மேடம்' என்கிறார்கள். போன மாதம் ப்ளூடூத்தில் வலது பக்கத்தைத் தொலைத்தும்விட்டேன். அண்ணா, என் காதுதான் சரியில்லையா?"

இல்லை தங்கச்சி. உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை. 'உங்க காது அப்படி' என்று கடையில் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதே வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். நான் ராயபுரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் காது மெஷினுக்கு மோல்டு எடுக்கிற வேலை பார்க்கிறேன். காது கேட்காதவர்கள் மாட்டும் மெஷினின் குழாய் முனையில் காதுக்குள் உட்கார்கிற துண்டு ஒன்று இருக்குமே, அதுதான் மோல்டு. அதற்கு முதலில் காதுக்குள் நூல் கட்டிய சின்னப் பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, இரண்டு களிம்பைக் கலந்து பிசைந்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்து உள்ளே செலுத்துவோம். ஐந்து நிமிடம் போல விட்டால் ரப்பராக இறுகிவிடும். வெளியே எடுத்தால் அந்தக் காதின் உள்வடிவம் அப்படியே உள்ளங்கையில் இருக்கும். எத்தனையோ அச்சு எடுத்தாயிற்று, ஒன்று இன்னொன்று மாதிரி இருந்ததே கிடையாது. ஒரே ஆளின் இரண்டு காதை எடுத்தால்கூட ஒன்று கொஞ்சம் அகலமாக இருக்கும், இன்னொன்று சீக்கிரம் வளைந்துவிடும். உங்களுக்கு வலது மட்டும் விழுகிறது என்றால் எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

செருப்பு வாங்கப் போனால் ஆறு, ஏழு, எட்டு என்று எத்தனை அளவு எடுத்துப் போடுகிறார்கள். காதுக்கு மட்டும் பெட்டிக்குள் மூன்று ஜோடி ரப்பரைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். ரப்பரே இல்லாத வகையும் உண்டு. ஆப்பிள் 2012ல் கொண்டுவந்த இயர்பாட்ஸ் மாதிரி, மொத்தமும் கெட்டி பிளாஸ்டிக், ஒரே வடிவம், பொருந்தினால் பொருந்தியது, இல்லாவிட்டால் இல்லை. அதே நிறுவனம் 2019ல் ரப்பர் வைத்த ஏர்பாட்ஸ் ப்ரோவை மூன்று அளவோடு கொடுத்தது, 2022ல் வந்த அடுத்த மாடலில் இன்னும் சின்னதாக நாலாவது அளவையும் சேர்த்தது. மூன்று அளவில் அடங்காத காதுகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, ஏன் விழுகிறது என்று பார்ப்போம். செல்போனில் உங்கள் காதைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஓட்டைக்கு வெளியே கிண்ணம் மாதிரி ஒரு குழி இருக்கும். கன்னத்தை ஒட்டி ஒரு சின்னக் குருத்து மேடு இருக்கும் (சத்தம் தாங்காதபோது விரலால் அழுத்திக் காதை மூடிக்கொள்வோமே, அந்த மேடு). அதற்கு எதிரே, சோணைக்குச் சற்று மேலே, இன்னொரு மேடு. வெளியே நிற்கிற வகை இயர்போன் இந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் தொங்குகிறது. அந்தப் பள்ளம் உங்களுக்கு அகலமாக இருந்தாலோ மேடு தட்டையாக இருந்தாலோ அது நிற்கவே நிற்காது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் நிற்காது. உங்களுடைய மூன்றில் ஏதாவது ஒன்று ரப்பர் இல்லாத கெட்டி வகை என்றால் அதை அண்ணனுக்கோ தம்பிக்கோ கொடுத்துவிடுங்கள், அதோடு போராட வேண்டாம்.

ரப்பர் வைத்த வகை நிற்பது வேறு விதம். அது ஓட்டைக்குள் போய், குழாயின் சுவரைச் சுற்றிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். நேராக இருக்காது, ஒரு வளைவு, அப்புறம் எதிர்ப்பக்கமாக இன்னொரு வளைவு. வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குதான் குருத்தெலும்பு, அது நெகிழ்ந்து கொடுக்கும். அதற்குள்ளே போனால் எலும்பு, மேலே மெல்லிசான தோல், லேசாக எதுவும் பட்டாலே சுரீரென்று வலிக்கும். ஆக இயர்போன் பிடித்து நிற்க அந்த வெளிப்பக்கத்துச் சின்ன இடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த இடமும் வட்டமாக இருக்காது, கொஞ்சம் முட்டை வடிவம். நாம் செருகுகிற ரப்பரோ வட்டம். முட்டை வடிவ ஓட்டைக்குள் வட்டத்தை வைத்தால் இரண்டு பக்கம் நெருக்கும், மற்ற இரண்டு பக்கம் இடைவெளி விழும். ரப்பர் போதுமான அளவு பெரிதாகவும் மெத்தென்றும் இருந்தால்தான் நசுங்கி அந்த இடைவெளியை நிரப்பும்.

முக்கால்வாசிப் பேர் தவறு செய்வது இங்கேதான். நிற்கவில்லை என்றதும், உள்ளே சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சின்ன ரப்பருக்கு மாறுவார்கள். அது சுலபமாக உள்ளே போகும், அதே சுலபத்தில் வெளியேயும் வரும். பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு அளவு பெரியது. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்றும் சொல்ல முடியாது, குழாய் ஒடுங்கிய காதில் பெரியதைத் திணித்தால் அது அமுங்கி, ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். எது உங்கள் பிரச்சினை என்பதைக் கண்டுபிடிக்கலாம். வலியே இல்லாமல், ஆரம்பத்திலிருந்தே லூசாக இருந்து, தலையைத் திருப்பினால் நழுவுகிறது, பாட்டில் தவில், பறை, டிரம்ஸ் மாதிரி அடி கனமாக விழவேண்டிய இடமெல்லாம் சொத்தையாகக் கேட்கிறது என்றால் ரப்பர் சின்னது. மாட்டியவுடன் கெட்டியாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் காது வலிக்கிறது, அப்புறம் தானாக வெளியே வருகிறது என்றால் பெரியது. அந்த அடிச்சத்தம்தான் நல்ல அளவுகோல். காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், கீழ்ச்சுருதிச் சத்தம் அதன் வழியாக ஓடிவிடும். மாட்டிக்கொண்டு நீங்களே வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி தலைக்குள் கும்மென்று கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. வழக்கம்போலக் கேட்டால் எங்கேயோ காற்று போகிறது.

இன்னொரு விஷயம், இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள்: இரண்டு காதிலும் ஒரே அளவு போட வேண்டிய கட்டாயம் கிடையாது. இடதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரியது என்று மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஜோடி ஜோடியாக இருப்பதால் ஜோடியாகத்தான் போட வேண்டும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. உங்களுக்கு இடது காதில் நன்றாக நிற்கிறதே, அப்படியானால் அந்த இயர்போனில் குற்றம் இல்லை, வலதுக்கு அளவு மட்டும்தான் மாற வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்று ராத்திரியே முதலில் இதைத்தான் செய்து பார்ப்பேன், காசு எதுவும் செலவில்லை.

மாட்டுகிற முறையும் பாதி வேலை. ரயிலில் ஒரு கையில் பிடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அப்படியே நேராக அழுத்துகிறோம். குழாய்தான் வளைந்திருக்கிறதே, நேராக அழுத்தினால் ரப்பரின் வாய் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மோல்டு மாட்டச் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் சொல்வது இது: இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலின் மேல்பாகத்தைப் பிடித்து மேல்பக்கமாகவும் பின்பக்கமாகவும் லேசாக இழுங்கள், அந்த வளைவு கொஞ்சம் நேராகும். அந்த நேரத்தில் வலது கையால் இயர்போனை உள்ளே விட்டு, முனையைப் பின்மண்டைப் பக்கமாக ஒரு கால் திருப்புத் திருப்புங்கள். பிறகு மடலை விடுங்கள். சதை திரும்பி வந்து ரப்பரைக் கவ்வும். முதல் இரண்டு நாள் வீட்டில் கண்ணாடி முன்னால் பழகிவிட்டால் அப்புறம் கையே தானாகச் செய்யும். அப்புறம், எல், ஆர் எழுத்தைப் பாருங்கள். இடதை வலதில் மாட்டினால் அதன் வளைவு எதிர்த்திசையில் இருக்கும், நிற்காது. அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் ஊர் சமாசாரம். அட்டைப் பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. கடலோரத்தில் இருக்கிறோம், சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்கே கழுத்து கசகசக்கிறது, திருவொற்றியூர் தேரடியிலிருந்து ஸ்டேஷன் படியேறுவதற்குள் காதுக்குப் பின்னால் வேர்வை வழிகிறது. சிலிக்கான் ரப்பர் காய்ந்த தோலில் நன்றாகப் பிடிக்கும், ஈரத் தோலில் வழுக்கும். அதோடு தலைக்குத் தேங்காய் எண்ணெய். காலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு கிளம்பினால் அந்த எண்ணெய் வேர்வையோடு கலந்து காதோரம் இறங்கும், விரலிலும் இருக்கும், அதே விரலால் ரப்பரைத் தொடுகிறோம். எண்ணெய் பட்ட ரப்பர் எந்தக் காதிலும் நிற்காது. எண்ணெய் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாட்டுவதற்கு முன் காதின் கிண்ணத்தையும் ஓட்டையின் வாயையும் ஒரு காய்ந்த கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், போதும். வாரம் ஒருமுறை ரப்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். இயர்போனை நனைக்க வேண்டாம், ரப்பரை மட்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் வாரம் இரண்டு முறைகூடச் செய்யலாம், அந்தப் புழுதி எண்ணெயோடு சேர்ந்து ரப்பரின் மேல் ஒரு பிசுபிசுப்பாகப் படிந்துவிடுகிறது.

குறும்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அழுக்கு என்று நினைக்கிறோம், அது காதுக்குக் காவல். உள்தோல் மெதுவாக வெளிப்பக்கம் நோக்கி வளர்ந்து நகர்கிறது, நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்கு உதவி செய்கிறது, குறும்பி தானாக வெளியே வந்துவிடும். தினமும் பல மணி நேரம் இயர்போனால் அடைத்து வைத்தால் அந்த வழி தடைபடும். அதற்கு மேல் பஞ்சு சுற்றிய பட்ஸை விட்டுக் குடைந்தால் வாயிலில் இருப்பதையும் உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்திவிடுவோம். ஒரு பக்கம் மட்டும் குறும்பி அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ரப்பர் உட்காராமல் வழுக்கும். உங்களுக்கு வலது காதில் சத்தமும் கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நீங்களாக எதையும் விடாதீர்கள், ஹேர்பின், சாவி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினால் ஐந்து பத்து நிமிட வேலை, ஸ்டான்லி மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. காதில் அரிப்பும், நீர் மாதிரி கசிவும், நாற்றமும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், இந்தப் புழுக்கத்தில் சாதாரணமாக வருவதுதான். அது ஆறுகிறவரை இயர்போனைத் தொடவே கூடாது. குளித்த ஈரத்தோடு மாட்டாதீர்கள், தோழியோடு மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

தாடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது விழுவதற்கும் ஒரு காரணம். தாடை எலும்பின் முட்டு காதுக் குழாய்க்கு நேர் முன்னால் இருக்கிறது. சுண்டுவிரலைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், உள்ளே சுவர் அசைவது தெரியும். வாயைத் திறந்தால் முட்டு முன்னே நகர்ந்து குழாய் அகலமாகும், மூடினால் ஒடுங்கும். ஆக பேசினாலும் சாப்பிட்டாலும் ரப்பரை யாரோ பிடித்து ஆட்டுவது மாதிரிதான். வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டே தைப்பவர், எந்த இயர்போனும் நிற்கவில்லை என்று வந்தார். பார்த்தால் வாயில் எப்போதும் வெற்றிலை, அதுவும் ஒரே பக்கம் மெல்லுகிற பழக்கம், அந்தப் பக்கத்துக் காதில்தான் நிற்கவில்லை. நீங்களும் ரயிலில் போன் பேசிக்கொண்டு போகும்போது அதிகம் விழுகிறதா, சும்மா பாட்டுக் கேட்கும்போது அதிகம் விழுகிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பேசும்போதுதான் என்றால் சிலிக்கானை விட்டு ஃபோம் ரப்பருக்கு மாறுங்கள்.

ஃபோம் என்பது பஞ்சு மாதிரி அமுங்கி மெதுவாகத் திரும்ப விரிகிற ரகம். தொழிற்சாலைகளில் சத்தத்துக்குக் காதில் வைத்துக்கொள்கிறார்களே, மணலி பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதே ஜாதி. விரலால் உருட்டிச் சுருக்கி, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொண்டால் உடம்புச் சூட்டில் இளகி, முட்டை வடிவமோ எந்த வடிவமோ, அதற்குத் தக்கபடி விரிந்து அடைத்துக்கொள்ளும். தாடை அசைந்தாலும் கூடவே அசைந்து கொடுக்கும். குறை என்னவென்றால் வேர்வையையும் எண்ணெயையும் குடிக்கும், அலச முடியாது, சில மாதத்தில் இறுகிப்போய் மாற்ற வேண்டியிருக்கும், கீச்சென்ற மேல்சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும். நம் ஊர் வேர்வைக்கு எல்லோருக்கும் இது ஒத்துவராது, ஆனால் பேசினாலே விழுகிறது என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதுதான். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ தனியாக ரப்பர் பாக்கெட் கேட்டால் கொடுப்பார்கள், ஒரு பிரியாணி விலைகூட ஆகாது. போகும்போது இயர்போனையும் கையோடு எடுத்துப் போங்கள். ரப்பர் மாட்டுகிற குழாய் முனை மாடலுக்கு மாடல் பருமன் மாறும். அந்த முனையைவிட ஓட்டை பெரிதான ரப்பரை வாங்கி மாட்டினால் அது காதுக்குள்ளேயே கழன்று தங்கிவிடும், அப்படித் தங்கியதை ஊக்கால் எடுக்கப் போய்ப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. முனையில் மாட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காதை அடைத்துக் கேட்கும் இந்த வகையே எங்கள் துறையிலிருந்து போனதுதான். காது பரிசோதனைக்கும் காது மெஷினுக்கும் கருவி செய்துகொண்டிருந்த எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1991ல் ஈஆர்-4 என்று ஒன்றை விற்றது, அடுக்கடுக்காக மூன்று தட்டு வைத்த ரப்பர், ஆழமாக உள்ளே போகும். அந்த மூன்று தட்டு ரப்பர் இன்றைக்கும் கிடைக்கிறது. வழுக்கிக்கொண்டே இருக்கும் சில காதில் அது பிரமாதமாக நிற்கும், ஆனால் ஆழமாகப் போவதால் எலும்புப் பக்கம் உரசும், பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

வயர் வைத்தது என்றால் பாதிக் காரணம் வயரே. அதன் பாரமும், பையிலோ துப்பட்டாவிலோ மாட்டி இழுப்பதும்தான் ரப்பரை அசைக்கிறது. வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக இறக்கி மாட்டுங்கள், இழுவை காது மடலோடு நின்றுவிடும். எல்லா மாடலும் இப்படி மாட்ட வராது, முன்பு சொன்ன வளைவு இல்லாத சிலதில் மட்டும் எல் ஆரை மாற்றி மாட்டினால் வரும். சட்டைக் காலருக்கோ துப்பட்டாவுக்கோ ஒரு கிளிப் போட்டாலும் போதும், வயர் துணியில் உரசுகிற கரகர சத்தமும் குறையும். மாட்டல் போடுகிறவர்களுக்கு அந்தச் சங்கிலியோடு வயர் சிக்கும். ஹிஜாப் அணிகிறவர்கள் துணியைக் கட்டிய பிறகு இயர்போனை உள்ளே திணிக்காமல், முதலில் மாட்டிவிட்டு மேலே துணியைக் கட்டினால் துணியே தாங்கிக்கொள்ளும், ராயபுரத்திலேயே பல பெண்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது இது.

ப்ளூடூத் வகையில் வயர் இழுவை இல்லை, ஆனால் பேட்டரி உள்ளேயே இருப்பதால் ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் இருக்கும், அந்தப் பாரம் முழுக்க ரப்பருக்கு வெளியே தொங்குகிறது. அடுத்த முறை வாங்கும்போது காதின் கிண்ணத்துக்குள் உடம்பு முழுதும் படிந்து உட்காருகிற உருண்டை வடிவத்தைப் பாருங்கள், கிண்ணம் சின்னதாக இருப்பவர்களுக்கு அது வலிக்கும், அவர்களுக்குத் தண்டு வைத்ததே மேல். மேலே சின்ன ரப்பர் கொம்பு வைத்த மாடலும் உண்டு, அந்தக் கொம்பு கிண்ணத்தின் மேல்மடிப்புக்குள் நுழைந்து முட்டுக் கொடுக்கும். ஓடுகிறவர்களுக்கும், படியேறி இறங்கி ரயில் பிடிக்கிறவர்களுக்கும் கொம்போ காதைச் சுற்றும் கொக்கியோ இருந்தால் நிம்மதி. கழுத்தைச் சுற்றிப் போடுகிற நெக்பேண்டும் நல்ல யோசனைதான், பழசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. காதிலிருந்து விழுந்தால் நெஞ்சில் தொங்கும். தொலையாது.

எதை வைத்தாலும் நிற்காத காதும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வடசென்னையில் குத்துச்சண்டை பழகுகிற பிள்ளைகள் நிறைய. அப்படி ஒரு தம்பி வந்தான். அடிபட்டு மடலில் இரத்தம் கட்டி, உடனே காட்டி எடுக்காமல் விட்டதில் அது அப்படியே இறுகிக் குருத்தாகி, கிண்ணம் பாதி மூடியிருந்தது. கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, தன் காதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. ஓட்டைக்குள் எதையும் விடாமல் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து, எலும்பு வழியாகவே சத்தத்தைக் கடத்துகிற ரகம் ஒன்று இருக்கிறது, அதை வாங்கச் சொன்னேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் காசிமேடு பக்கம் காலையில் ஓடுகிறான். அதில் அடிச்சத்தம் கனமாக இருக்காது, ரயில் இரைச்சலில் சரியாகக் கேட்காது, அதனால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு வெளிச்சத்தம் காதில் விழும் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பாதுகாப்பு. இயர்போனை மாட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாளத்தைக் கடக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். கேட் பக்கம் வந்தால் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டும்போது மாட்டவே மாட்டாதீர்கள்.

நிற்காத இயர்போன் வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை என்று நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தண்டையார்ப்பேட்டைப் பக்கம் மெட்ரோ மேலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கியதும் இரைச்சல் கூடுகிறது. வலது காதில் ரப்பர் லூசு, அந்த இரைச்சல் உள்ளே வருகிறது, பாட்டு கேட்கவில்லை, உடனே சத்தத்தைக் கூட்டுகிறோம். இடது காதில் நன்றாக அடைத்திருக்கிறதே, அந்தக் காது பாவம், கூட்டியது முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை சரி. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும், 83ல் 20 மணி, 86ல் 10 மணி. நீங்கள் போக வர தினமும் கேட்கிற நேரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். சரியாக அடைக்கிற ரப்பர் போட்டவர்கள் அதே ரயிலில் சத்தத்தைப் பல படி குறைத்து வைத்தே கேட்கிறார்கள். உள்செவியில் போன நரம்பணு திரும்ப வளராது. அப்படிப் போனவர்களுக்குத்தான் நான் தினமும் மோல்டு எடுக்கிறேன்.

கடைசியாக, தொலைந்துபோன அந்த வலது பக்கம். புது செட் வாங்க அவசரப்படாதீர்கள். பல நிறுவனங்கள் ஒற்றையை மட்டும் தனியாகக் கொடுக்கின்றன, சார்ஜ் பெட்டியில் எழுதியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அவர்களுடைய சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அதே மாடலாகவே இருக்க வேண்டும். புதுசு வந்ததும் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து ரீசெட் செய்தால்தான் ஒன்றோடொன்று சேரும், அதை அங்கேயே செய்து வாங்கிவிடுங்கள். வலதுக்குப் பெரிய ரப்பரோ ஃபோமோ போட்டீர்கள் என்றால் பெட்டியில் வைத்து மூடி, விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். ரப்பர் பெரிதானால் சில பெட்டிகளில் அது முழுசாக உட்காராது, மூடி மூடிய மாதிரி இருக்கும், சார்ஜ் ஏறியிருக்காது, மறுநாள் காலையில் விம்கோ நகர் பிளாட்பாரத்தில்தான் தெரியவரும்.